எந்த நாட்டு மருத்துவம் எங்களுக்குச் சரி? – வாசகி கேள்விக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என மூன்று இடங்களிலிருந்தும் அவருக்கு வேலை வந்திருக்கிறது. போவதாக இருந்தால் நான் என் வேலையை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளுடன் (10, 6) கூடவே போவேன். என் நாத்தனார் இங்கிலாந்தில் மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பதினோரு மாதமாகக் காத்திருக்கிறார். "இங்கே எல்லாம் இலவசம், ஆனால் கிடைக்காது" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனோ, "ரெண்டே நாள்ல ஸ்கேன் எடுத்துட்டாங்க, பில்லைப் பார்த்துத்தான் மூச்சு நின்னுபோச்சு" என்கிறான். வீட்டில் தினமும் இதே வாக்குவாதம். அரசு மருத்துவம் நல்லதா, தனியார் நல்லதா? எங்களுக்கு எந்த நாடு சரி? எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு வயது 71, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றிய கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் முடிவைப் புரட்டிப் போடக்கூடிய வரி அது. அதற்கு வருமுன், வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். நாத்தனார் சொல்வதும் உண்மை, அண்ணன் சொல்வதும் உண்மை. இருவரும் பேசுவது வெவ்வேறு விஷயம்.

ஒரு மருத்துவமனையை யார் நடத்துகிறார்கள் என்பது ஒரு கேள்வி. அங்கே ஆகும் செலவை யார் கட்டுகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. 1948 ஜூலை 5ஆம் தேதி சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது மருத்துவமனைகள் அரசின் கைக்கு வந்தன. குடும்ப மருத்துவர்கள் மட்டும் அரசுச் சம்பளக்காரர்களாக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். இன்றைக்கும் குடும்ப மருத்துவ நிலையங்களில் பெரும்பாலானவை அரசு ஒப்பந்தத்தின் பேரில் தனியாக நடத்தப்படுபவைதான். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை, அவ்வளவே. ஜப்பானில் மருத்துவமனைகளில் பத்துக்கு எட்டு தனியாருடையவை. ஆனால் ஊசிக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியலை அரசு போடுகிறது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் விலை ஒன்றுதான். 1961 முதல் அங்கே எல்லோரும் காப்பீட்டுக்குள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவைத் தனியார் மருத்துவத்தின் நாடு என்கிறோம். அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளை மத்திய அரசே சொந்தமாக வைத்து, மருத்துவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நடத்துகிறது. 1965இல் வந்த மெடிகேர் முதியவர்களையும், மெடிகெய்ட் ஏழைகளையும் பார்த்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் அந்நாட்டு மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி அரசுப் பணம். சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் காப்பீடு விற்பது தனியார் நிறுவனங்கள். ஆனால் அடிப்படைக் காப்பீட்டை எல்லோரும் வாங்கியே ஆக வேண்டும், நோயாளி என்பதற்காக யாரையும் நிறுவனம் திருப்பி அனுப்பக் கூடாது. இவற்றில் எதை அரசு என்பீர்கள், எதைத் தனியார் என்பீர்கள்?

பெயர்ப் பலகையைப் பார்த்து நான் ஒரு நாட்டை எடைபோடுவதில்லை. அங்கே பணம் எப்போது கேட்கப்படுகிறது என்று பார்க்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே வரியாகவோ சந்தாவாகவோ வாங்கிக்கொள்கிறார்களா, நோய் வந்து நிற்கும் நாளில் கேட்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பதினான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனையிலும் ஒன்பது ஆண்டுகள் தனியார் மருத்துவமனையிலும் பொது மருத்துவராக இருந்திருக்கிறேன். தனியாரில் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, உங்கள் கணவரைப் போலவே இன்சுலின் போட்டுக்கொள்பவர். சர்க்கரை அளவைத் தினமும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். நீல மையில் நேர்த்தியான எழுத்து. மாதத்தின் முதல் இரண்டு வாரம் 130, 140 என்று ஓடும். இருபதாம் தேதிக்கு மேல் 190, 220, 260. அடுத்த மாதம் பிறந்ததும் மறுபடி 135. மூன்று மாதம் நான் டோஸை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டைக் கேட்டேன், தூக்கத்தைக் கேட்டேன், ஊசி போடும் இடத்தில் கட்டி தட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். நான்காவது மாதம் நோட்டின் ஓரத்தில் இருந்த தேதிகள்மேல் கண் போனபோதுதான் உறைத்தது. "மாசக் கடைசியில ஊசியைக் குறைச்சுக்கிறீங்களாம்மா?" என்றேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "சம்பளம் வர்ற வரைக்கும் அந்த ஒரு பாட்டிலை ஓட்டணும் டாக்டர்" என்றார்.

அந்த மருத்துவமனையில் வசதிக்குக் குறைவில்லை. வந்த பத்தாவது நிமிடம் மருத்துவரைப் பார்த்துவிடலாம். ஆனாலும் அவருக்குள் போக வேண்டிய மருந்து மாதா மாதம் இருபதாம் தேதியில் நின்றுபோனது.

இது ஒருவரின் கதை மட்டும் இல்லை. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தியது. சிலருக்கு மருத்துவம் முழு இலவசம். மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட வேண்டும். காசு போட வேண்டியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. தேவையில்லாததை மட்டும் குறைத்துக்கொண்டார்களா என்றால், இல்லை. தேவையானதையும் தேவையில்லாததையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தார்கள். பெரும்பாலோர் உடல்நலத்தில் அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பார்த்தபோது, இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்களின் அழுத்தம் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது. எப்போதாவது சளி பிடிப்பவருக்கு எந்த ஏற்பாடும் போதும். தினமும் மருந்து வேண்டியவருக்குத்தான் ஏற்பாடு உயிர் விஷயம். உங்கள் கணவர் அந்த இரண்டாவது வகை.

தனியார் பக்கம் இன்னொரு கோளாறும் உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளிக்குத் தெரியாது, விற்கிறவருக்குத்தான் தெரியும். பிரேசிலில் தனியார் மருத்துவமனைகளில் பத்துப் பிரசவத்தில் எட்டுக்கு மேல் சிசேரியன். அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதைவிட வெகுவாகக் குறைவு. பெண்களின் உடம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதில்லையே.

இப்போது நாத்தனார் பக்கம். அரசு மருத்துவமனையில் ஒரு பெரியவருக்குக் கண்புரை அறுவைக்கு ஏழு மாதம் தள்ளித் தேதி கொடுத்தோம். ஆறாவது மாதம், விடியற்காலை இருட்டில் படி தெரியாமல் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அதே மருத்துவமனைக்கு வந்தார். சட்டைப் பையில் அந்தத் தேதிச் சீட்டு நான்காக மடித்தபடி இருந்தது. அவரிடம் யாரும் ஒரு காசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் துணையில்லாமல் நடக்கவும் இல்லை. இலவசம் என்ற சொல்லை நான் கவனமாகப் பயன்படுத்தத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

இங்கிலாந்தில் திட்டமிட்ட சிகிச்சைகளை 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும். 2016க்குப் பிறகு பல ஆண்டுகளாக அது எட்டாக்கனியாகவே இருந்துவருகிறது. 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் ஏறத்தாழ 77 லட்சம் சிகிச்சைகளுக்கு நீண்டது. உங்கள் நாத்தனார் அந்தப் பட்டியலில் ஒருவர். ஆனால் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: மூட்டு, கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குத்தான் வரிசை மிக நீளம். நெஞ்சுவலியோடு போகிறவரிடம் ஏழு மாதம் கழித்து வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே அவசரப் பிரிவிலும் நெருக்கடி இருக்கிறது, மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் தினசரி மருந்தும் முறையான பரிசோதனையும் தேவைப்படுகிற சர்க்கரை நோயாளிக்கு, மூட்டு அறுவைக்கான பதினோரு மாத வரிசை சரியான அளவுகோல் இல்லை.

வரிசை எல்லா அரசு ஏற்பாட்டுக்கும் தலைவிதி என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் எல்லோரும் காப்பீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே அறுவைக்கான வரிசை பிரிட்டன் அளவுக்கு இல்லை. எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர் என்பதில் ஒரு நாடு எவ்வளவு பணம் போடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

சரி, உங்கள் குடும்பக் கணக்கு.

இங்கிலாந்து போனால் விசாவுடன் சேர்த்தே சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் உயர்த்தியபடி பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 776 பவுண்டு. ஐந்தாண்டு விசா என்றால் உங்கள் நால்வருக்கும் சேர்த்து 18,110 பவுண்டு, அதுவும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாக. இதைச் சில நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. சம்பளம் பேசும்போதே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. கட்டிவிட்டால் குடும்ப மருத்துவர், மருத்துவமனை எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குப் போலவே. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டணம் உண்டு. ஆனால் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு விலக்குச் சான்று தருகிறார்கள். அது இருந்தால் இன்சுலின் மட்டுமல்ல, சீட்டில் எழுதும் எந்த மருந்துக்கும் காசில்லை. அங்கே போய்ச் சேர்ந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பல் வைத்தியம் மட்டும் தனிக் கதை, கிளம்புமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் ஏற்பாடு அந்நாட்டின் முதல் சான்சலர் பிஸ்மார்க் காலத்தது, 1883இல் தொடங்கியது. சம்பளத்தில் 14.6 சதவீதமும், அதன்மேல் காப்பீட்டு நிதியத்துக்கு நிதியம் மாறும் ஒரு கூடுதல் விகிதமும் பிடிப்பார்கள். அதில் பாதியை முதலாளி கட்டுகிறார். ஓர் உச்சவரம்புக்கு மேல் சம்பளம் எவ்வளவு கூடினாலும் பிடித்தம் கூடாது. உங்களுக்கு முக்கியமானது இது: வேலைக்குப் போகாத மனைவியும் பிள்ளைகளும் அதே சந்தாவுக்குள் வந்துவிடுவார்கள், தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. மருந்துக்குப் பொதுவாக 5 முதல் 10 யூரோ, மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ. ஓர் ஆண்டில் இப்படிக் கையிலிருந்து போடுவது குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெடுநாள் நோயாளி என்று சான்று பெற்றால் 1 சதவீதம். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டே வாருங்கள். அந்தச் சலுகையை அவர்களாகத் தர மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, உங்கள் கணவர் அதில் விழுந்துவிடக் கூடாது. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் (2025இல் ஆண்டுக்கு 73,800 யூரோ) பொதுக் காப்பீட்டை விட்டுத் தனியார் காப்பீட்டுக்குப் போக அனுமதி உண்டு. தனியார் காப்பீடு உள்ளவருக்கு நிபுணர்களிடம் சீக்கிரம் நேரம் கிடைக்கும். ஏஜெண்டுகள் அதைச் சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் அங்கே உடம்பைப் பார்த்து விலை. இன்சுலின் போடுபவருக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், இல்லையென்றால் மறுத்துவிடுவார்கள். உங்களுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பிரீமியம். மனம் மாறித் திரும்பி வருவது கடினம், 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய முடியவே முடியாது. எவ்வளவு இனிக்கப் பேசினாலும் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள்.

அமெரிக்காவுக்கு நான் எதிரி இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் அவர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். நல்ல காப்பீடு உள்ளவருக்கு அங்கே கிடைக்கும் வேகம் வேறெங்கும் அரிது. ஆனால் நாட்டு வருமானத்தில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழித்தும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைக் காப்பீடு இல்லாமல் வைத்திருக்கிறது அந்த நாடு. உங்கள் அண்ணனின் மூச்சு நின்ற கதை அங்கே அன்றாடம். சர்க்கரை இருக்கிறது என்று 2014க்குப் பிறகு யாரும் காப்பீடு மறுக்க முடியாது, அது நல்லது. இன்சுலின் விலையைப் பெரிய மூன்று நிறுவனங்களும் 2023இல் குறைப்பதாக அறிவித்தன, அதுவும் நல்லது. ஆனால் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் கோப்ரா என்ற சட்டப்படி பொதுவாக 18 மாதம் வரை அதே காப்பீட்டைத் தொடரலாம். அதுவரை முதலாளி போட்ட பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் நீங்களே கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் நின்ற நேரத்தில். வேலை விசாவில் இருப்பவருக்கு இது இரட்டை அடி.

அமெரிக்க நிறுவனம் காப்பீட்டுத் தாளை அனுப்பினால், மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "ஓர் ஆண்டில் எங்கள் குடும்பம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கட்ட நேரும்?" என்று கேளுங்கள். சட்டம் அனுமதித்த உச்சவரம்பே 2025இல் குடும்பத்துக்கு 18,400 டாலர், அதுவும் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களிடம் போனால்தான். உங்கள் கணவர் ஆண்டுதோறும் அந்த வரம்பை நோக்கி நடக்கக்கூடியவர். அந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு மற்ற இரண்டு நாட்டுச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.

இனி மாமியார். சகோதரி, இந்த மூன்று நாட்டுக் காப்பீட்டிலும் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். பெற்ற தாய் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. பிரிட்டனின் வேலை விசாவில் பெற்றோரைச் சேர்க்க வழியில்லை. சுற்றுலா விசாவில் வந்து மருத்துவமனையில் சேர்ந்தால், அவசரப் பிரிவைத் தாண்டியதும் செலவில் ஒன்றரை மடங்கு கட்டணம் போடுவார்கள். ஜெர்மனி 2024 மார்ச் முதல் புதிதாக வேலைக்கு வருபவர்கள் பெற்றோரை அழைத்துவரச் சட்டத்தில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் அவருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். 71 வயதில் இரண்டு ஸ்டென்ட்டோடு அதை வாங்குவதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் விருந்தினர் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோயைத் தொடுவதில்லை. பிற்காலத்தில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை அட்டை (கிரீன் கார்டு) கிடைத்தாலும், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிறகே மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும்.

ஆகவே நீங்கள் எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த அம்மாவின் மருத்துவம் அவர் இப்போது இருக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும். அவருடன் யார் இருப்பார்கள், நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் யார் எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள் என்பதை முதலில் பேசி முடியுங்கள். அவரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் இல்லாத இடத்தில் அவருக்காக முடிவெடுக்காதீர்கள். இதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால், இப்போதைக்குப் போகாமல் இருப்பதையும் நான்காவது வாய்ப்பாக மேசைமேல் வையுங்கள்; அல்லது கணவர் மட்டும் முதலாண்டு போய்ப் பார்க்கட்டும்.

போவது என்று ஆனால் என் வரிசை இது: முதலில் ஜெர்மனி, பொதுக் காப்பீட்டுடன். மருத்துவரிடம் ஜெர்மன் பேச வேண்டிவரும், அந்த உழைப்புக்குத் தயாராக இருங்கள். அடுத்து இங்கிலாந்து, குறிப்பாக அந்தக் கட்டணத்தை நிறுவனம் ஏற்றால். அமெரிக்காவை, அதிகபட்சச் செலவு போகவும் மிச்சம் கணிசமாக இருந்து, ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் கணவருக்குச் சர்க்கரை இல்லாமல் இருந்து, வயதும் இருபத்தெட்டாக இருந்திருந்தால் வேறு வரிசை சொல்லியிருப்பேன்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை. அவருடைய மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: நோயின் விவரம், மருந்துகளின் பொதுப்பெயர் (பிராண்டு பெயர் அங்கே வேறாக இருக்கும்), இன்சுலின் எத்தனை யூனிட், கடைசியாகக் கண்ணும் சிறுநீரகமும் பார்த்த தேதி. புது நாட்டில் பதிவு செய்து முதல் சீட்டு வாங்க நாளாகலாம், அதனால் சுங்க விதி அனுமதிக்கும் அளவு மருந்தைக் கூடவே கொண்டுபோகட்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்துவிடக்கூடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும் அதைப் போடக் கூடாது.